கொதிக்காமல் குன்னூர் வரையில்

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலைக்கு ஏறுவதற்கு இரண்டு விதமான வழிகள் இருக்கின்றன. ஒன்றில், தண்ணீர் கொதித்தால்தான் மேலே போகலாம். மற்றொன்றில், தண்ணீர் கொதித்துவிட்டால் மேலே போக முடியாது.

முதலாவது மலை ரயில். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் போட்ட பாதை. 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பற்கள் வைத்த இன்னொரு தண்டவாளம் சேர்ந்துகொள்ளும். எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம் என்கிற கணக்கில், பெருமூச்சு விட்டுக்கொண்டே ஏறும். இந்த ரயிலுக்கு 2005-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவமும் கிடைத்தது. நடுவழியில் நின்று நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற இந்த ரயிலைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். ஆகையால் அதை அதன் போக்கில் விட்டுவிடுவோம்.

இரண்டாவது வழி மோட்டார் ரஸ்தா. இதில் போகிறவர்கள் பழைய வண்டி வைத்திருந்தால், அவர்களுடைய கண் தேயிலைத் தோட்டத்திலும் இருக்காது, அருவியிலும் இருக்காது. முன்னால் உள்ள பானெட்டிலிருந்து ஆவி வருகிறதா என்பதிலேயேதான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி ஒன்றில், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நான் மேலே போய் வந்தேன். அந்தப் பிரயாணத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்தால் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை; பிரஷர் குக்கர் இருந்தால் போதும்.

வண்டியின் ஜாதகம்

கோயம்புத்தூரில் இருக்கிற என் பெரியம்மாவிடம் 1971-ஆம் வருஷத்து அம்பாசிடர் ஒன்று உண்டு. வங்காளத்தில் உத்தர்பாராவில் பிறந்தது. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான் அதற்கு மூதாதை. 2014-ஆம் ஆண்டோடு அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோய்விட்டது என்பது உங்களுக்குத் தெரிந்த சமாசாரம். பெரியப்பா கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி இது. பெரியம்மா ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் இதில்தான். பெரியப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. எழுபத்தைந்து வயதிலும் பெரியம்மா வாரம் ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகிறாள். போலீஸ்காரர் சலாம் போடுகிறார்.

சமீப காலமாக அந்த வண்டிக்கு ஒரு வியாதி. ஊருக்குள் சாதுவாக இருக்கும். மலையேறினால் மட்டும் கோபம் வந்துவிடும். மூன்று தடவை குன்னூருக்குப் போகப் புறப்பட்டு, மூன்று தடவையும் பர்லியாறு தாண்டிய சில வளைவுகளிலேயே ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. நகரத்திலுள்ள ஒரு பட்டறையில் காட்டினார்கள். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்லி, பெரிய தொகை ஒன்றைக் காகிதத்தில் எழிதிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பணத்தை இதில் போடுவதா? இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம்" என்றார்கள். ஆள் பார்த்தும் ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பெரியம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரவு எனக்குப் போன் செய்து, "நாளைக்கு விடியக்காலம் வந்துடு கண்ணு. கடைசியா ஒரு தரம் குன்னூருக்குப் போய்ட்டு வந்துடலாம். போற வழியில மேட்டுப்பாளையத்துல மேஸ்திரிகிட்டக் காட்டணும்" என்றாள். அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பெரியம்மா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், பின் ஸீட்டில் பேத்தி, பதினோரு வயசு. அவள் மடியில் தண்ணீர்க் கேன் ஒன்று. நீலகிரியில் ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு. ரேடியேட்டருக்கான தண்ணீரானாலும் சரி, குடிக்கிற தண்ணீரானாலும் சரி, கனமான கேனிலோ எவர்சில்வர் தூக்கிலோதான் கொண்டுபோக வேண்டும். 2024 மே மாதம் முதல் மலைக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. புறப்படுமுன் இந்த இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குக்கரும் ரேடியேட்டரும் ஒரே ஜாதி

மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் ஒரு சின்ன அடுக்களைப் பாடம்.

சமுத்திரக் கரையில், அதாவது சென்னையில், தண்ணீர் 100 டிகிரி உஷ்ணத்தில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. சுமாராக 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உதகமண்டலம் 2,240 மீட்டர். குன்னூரில் 94 டிகிரியிலும், ஊட்டியில் 92, 93 டிகிரியிலும் தண்ணீர் கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர, சூடு போதாது. ஊட்டியில் குடித்தனம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேக வைக்கிறேன் என்று உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு சாயந்திரம்தான் என்பார்கள். அங்கே குக்கர் ஆடம்பரமில்லை, அவசியம்.

குக்கர் என்ன செய்கிறது? ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, உள்ளே அழுத்தத்தை உண்டாக்குகிறது. அழுத்தம் ஏறினால், கொதிக்கும் உஷ்ணமும் ஏறுகிறது. குக்கருக்குள் 120 டிகிரி வரையில் போகும். பருப்பு குழைந்துவிடுகிறது.

மோட்டார் வண்டியின் ரேடியேட்டரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சினுக்குள் ஓடிச் சூடாகிற தண்ணீர், ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களின் வழியாக இறங்கி, காற்றுப் பட்டு ஆறி, மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் இருக்கின்றன. குக்கரின் வெயிட்டும் கேஸ்கெட்டும் சேர்ந்து செய்கிற வேலையை அவை செய்கின்றன. எத்தனை பவுண்டு அழுத்தம் வரையில் தாங்கும் என்று மூடியின் தலையிலேயே எண் பொறித்திருக்கும். பழைய வண்டிகளில் 4 பவுண்டு, 7 பவுண்டு என்று இருக்கும். பிற்காலத்து வண்டிகளில் 13, 15 என்று ஏறிவிட்டது. 7 பவுண்டு மூடி ஒழுங்காக இருந்தால், தரைமட்டத்தில் 111 டிகிரி வரையில் தண்ணீர் கொதிக்காது. குன்னூரிலும் 107 டிகிரி வரையில் தாங்கும். மூடி பலவீனமாக இருந்தாலோ, 98 டிகிரியிலேயே பொங்கிவிடலாம்.

மூடியின் நடுவில் குட்டியாக இன்னொரு வால்வும் உண்டு. வண்டி ஆறும்போது உள்ளே தண்ணீர் சுருங்கும். அப்போது வெளியிலிருந்து காற்றை உள்ளே விடுவது இந்தக் குட்டி வால்வின் உத்தியோகம். அது ஒட்டிக்கொண்டுவிட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, ரப்பர் ஹோஸ் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போய் நிற்கும். காலையில் பானெட்டைத் திறந்ததும் அப்படி ஒரு ஹோஸைப் பார்த்தால், ஹோஸை மாற்றுவதற்கு முன்னால் மூடியைப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்து வைத்தியர்

மேஸ்திரியின் பட்டறை, ஊட்டி ரஸ்தாவுக்குச் சற்று உள்ளே, ஒரு வேப்ப மரத்து நிழலில் இருக்கிறது. பெரியப்பா காலத்திலிருந்து இந்த வண்டியின் நாடி பிடித்த மனுஷர். இப்போது வேலையெல்லாம் மகன் பார்க்கிறான். இவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வண்டியின் சத்தம் கேட்டதுமே எழுந்து வந்துவிட்டார்.

"வாங்கம்மா. வண்டி நல்லாத்தானுங்களே பேசுது?" என்றார்.

பெரியம்மா சமாசாரத்தைச் சொன்னாள். அவர் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. டாக்டர் மாதிரி கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். சமதளத்தில் கொதிக்கிறதா? இல்லை. ராத்திரி நிறுத்தின இடத்தில் காலையில் ஈரம் இருக்கிறதா? இல்லை. தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்துச் சின்னக் குழாய் வழியாக ரோட்டில். கொதிக்கும்போது மேல் ஹோஸ் கல் மாதிரி இருந்ததா, தொளதொளவென்று இருந்ததா?

இதற்குப் பெரியம்மா பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து பேத்தி சொன்னாள்: "தொளதொளன்னு இருந்துச்சு தாத்தா. வண்டியை ஆஃப் பண்ணினப்புறம் சித்தப்பா துணியைச் சுத்திப் பிடிச்சுப் பார்த்தாங்க."

மேஸ்திரி அவளை ஒரு தரம் பார்த்துச் சிரித்தார். "பலே கண்ணு! பாதி வைத்தியம் ஆச்சு" என்றார். மீதி வைத்தியத்துக்கு வண்டி ஆற வேண்டும். "ஒரு மணி நேரம் போகட்டுமுங்க. இட்டிலி சாப்பிட்டுட்டு வாங்க."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. சூடாக இருக்கிற ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் இறங்காத குக்கரைத் திறப்பீர்களா? அதைவிடப் பொல்லாதது இது. மூடி கழன்றதும் உள்ளே இருக்கிற தண்ணீர் அப்படியே ஆவியாகிப் பீறிட்டு, முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். ஹோஸின் மேல் வெறுங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடிந்தால், அப்புறம் தடித்த துணியைப் போட்டு, மூடியைக் கால் திருப்பு திருப்பி, 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகே முழுவதும் எடுக்க வேண்டும்.

நாங்கள் இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏழு மணி சொச்சத்துக்கு மலை ரயில் ஊதிவிட்டுப் புறப்பட்டது. "அது நம்மளுக்கு முன்னாலே போயிடும்" என்று பேத்திக்குக் கவலை. பெரியம்மா சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையில் வண்டியின் ஆர்.ஸி. புத்தகத்தையும் திங்கட்கிழமைக்கு வேண்டிய காகிதங்களையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்பதை, பில்லுக்குப் பணம் எடுத்தபோது நான் கவனித்தேன்.

ஐந்து பரீட்சைகள்

மேஸ்திரி செய்த பரீட்சைகளை வரிசையாகச் சொல்கிறேன். எந்தப் பழைய வண்டிக்கும் இதே வரிசைதான்.

முதலில் கண். மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். துருக் கலந்த செம்மண் நிறமாக இருந்தால் உள்ளே குழாய்கள் அடைத்திருக்கலாம். நம் ஊர்ப் போர்த் தண்ணீரைக் காய்ச்சுகிற அண்டாவின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிகிறதல்லவா? அந்தப் படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும். தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் ஆயிலின் அளவுக் குச்சியை உருவி, பால் விட்ட டீ நிறத்தில் நுரை இருக்கிறதா என்று பார்த்தார். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே கலக்கின்றன என்று அர்த்தம். இரண்டும் இல்லை.

இரண்டாவது கை. விசிறி பெல்ட்டை அழுத்தினார். தொய்ந்திருந்தால் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் மெதுவாகச் சுற்றும். பம்பின் அடித் துவாரத்தில் கசிவு இருக்கிறதா என்று தடவினார். ஹோஸ்களைப் பிசைந்து பார்த்தார். ஊறின உளுந்து மாதிரி மெத்தென்று இருந்தாலும் கெடுதல்; அப்பளம் மாதிரி வெடித்திருந்தாலும் கெடுதல். ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் பஞ்சும் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரி.

மூன்றாவது பம்பு. ஸைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு கைப்பம்பு. அதன் தலையில் கடிகாரம் போன்ற ஒரு மீட்டர். அதை ரேடியேட்டரின் வாயில் மூடிக்குப் பதிலாக மாட்டி, முள் 7-க்கு வரும்வரை அடித்தார். அடித்துவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப என்ன பண்றீங்க தாத்தா?" என்றாள் பேத்தி.

"முள்ளைப் பார்த்துட்டே இரு கண்ணு. அது இறங்கினா எங்கியோ ஓட்டை. வெளியில தண்ணி தெரிஞ்சா ஹோஸோ ரேடியேட்டரோ. வெளியில தெரியாம இறங்கினா எஞ்சினுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். அதுதான் ஹெட் கேஸ்கெட்."

பத்து நிமிஷம். மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பரீட்சை ரிஸல்ட் பார்க்கிறவர்கள்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்கள். முள் அசையவில்லை.

நான்காவது, எஞ்சினை ஓடவிட்டு. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, எஞ்சின் சூடாவதற்கு முன்பே முள் விறுவிறுவென்று ஏறும். மூடியில்லாமல் ஓடவிட்டால் தண்ணீரில் குமிழி குமிழியாக வரும். ஸைலன்ஸரில் ஓயாமல் வெள்ளைப் புகை வரும். இங்கே முள்ளும் துள்ளவில்லை, குமிழியும் இல்லை, புகையும் இல்லை. சில நிமிஷங்களில் மேல் ஹோஸ் சூடேறிற்று. எஞ்சின் சூடாகியும் அந்த ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கொள்ள வேண்டும். அதைக் கழற்றி, அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால், அதன் மேல் பொறித்திருக்கிற டிகிரி வரும்போது வாயைத் திறக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடலாம். அப்படிச் சோதித்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

ஐந்தாவதாகத்தான் மூடியைக் கையில் எடுத்தார். பளபளவென்று புது மூடி. பம்பின் மறுமுனையில் மாட்டி அடித்தார். 7 பவுண்டு தாங்க வேண்டிய மூடி, 2 பவுண்டிலேயே 'உஸ்' என்றது. ஒரு தீக்குச்சியை ரேடியேட்டரின் கழுத்தில் விட்டு ஆழம் பார்த்தார். அதே தீக்குச்சியை மூடியின் வாஷரோடு வைத்துப் பார்த்தார்.

"இது வேற வண்டி மூடிங்கம்மா. இந்தக் கழுத்து ஆழக் கழுத்து. இது குட்டை மூடி. வாஷர் போய் ஒழுங்கா உக்காரலீங்க."

பெரியப்பாவின் குறிப்பு

"எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார். பெரியம்மாவுக்கு நினைவில்லை. அந்த நகரத்துப் பட்டறையில் ரேடியேட்டரை அலசியபோது மாற்றியிருக்கலாம். பேத்தி டாஷ்போர்டு அறையைக் குடைந்து, பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பெரியப்பா எழுதி வைத்தது. பெல்ட் மாற்றிய தேதி, ஆயில் மாற்றிய மைல், ஹோஸின் விலை, எல்லாம் பச்சை மசியில். உறவினர் எவரும் ஆறு வருஷமாக அதைத் திறக்கவில்லை. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது:

'ரேடியேட்டர் மூடி. 7 பவுண்டு. ஆழமானது. வேறு எதுவும் வாங்க வேண்டாம்.'

பேத்தி அதை உரக்கப் படித்தாள். பெரியம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தாள். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இவுங்க இப்படித்தான். எழுதி வெச்சுட்டு வாயில சொல்ல மாட்டாங்க" என்றாள். குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்துத் தேடி, சரியான மூடியை எடுத்து, அதையும் பம்பில் மாட்டிச் சோதித்துவிட்டுப் பொருத்தினார். விலை இருநூறு ரூபாய்க்குள்.

எனக்குக் கோபம் வந்தது. "இருநூறு ரூபாய்ச் சமாசாரத்துக்கு எஞ்சினையே இறக்கச் சொன்னார்களே!" என்றேன்.

மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. "அவுங்களையும் குத்தம் சொல்றதுக்கில்லீங்க. கேஸ்கெட் போனாலும் இதே மாதிரிதான் கொதிக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் பார்க்கணும்னா வண்டி ஆறணும், நம்ம மனசும் ஆறணும். யாருக்குங்க நேரம்?" என்றார்.

ஊருக்குள் கொதிக்காத வண்டி மலையில் மட்டும் ஏன் கொதித்தது என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். கோயம்புத்தூரில் 2 பவுண்டு மூடியே போதுமானதாக இருந்தது. மலையில் இரண்டாவது கியரில் எஞ்சினுக்கு உழைப்பு அதிகம்; வேகம் குறைவானதால் காற்று குறைவு; போதாததற்குத் தண்ணீர் கொதிக்கும் உஷ்ணமும் வளைவுக்கு வளைவு இறங்கிக்கொண்டே வருகிறது. மூன்றும் சேர்ந்தன. மூடி கைவிட்டது.

கல்லாறு முதல் குன்னூர் வரை

ஒன்பது மணிக்குப் பவானி ஆற்றைத் தாண்டினோம். கல்லாற்றில் இரண்டு பக்கமும் கமுகந்தோப்பு. ஊசிப் போலக் குளிர்ந்த காற்று. அதற்கப்புறம் மலை எழும்பி நிற்கிறது. குன்னூர் வரையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் தர்மம். லாரிக்காரர்கள் பெரியம்மாவின் வெள்ளைத் தலையைப் பார்த்ததும் அந்தத் தர்மத்தை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே அனுஷ்டித்தார்கள்.

பர்லியாறு வந்தது. பழக்கடைகளும் குரங்குகளும் உள்ள இடம். மங்குஸ்தானும் துரியனும் விளைகிற மண் இது. மூன்று தடவையும் இதைத் தாண்டித்தான் வண்டி நின்றது. பெரியப்பா தனியாக வாங்கிப் பொருத்திய உஷ்ண மீட்டர் ஒன்று டாஷ்போர்டில் இருக்கிறது. மூன்று பேரில் ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. 90. 92. ஒரு நீண்ட ஏற்றத்தில் 98. முள் அங்கேயே நின்றது. பானெட்டைப் பார்த்தேன். ஆவி இல்லை. வளைவு திரும்பியதும் முள் 94-க்கு இறங்கியது.

"பாட்டி, மூச்சு விடலாமா?" என்றாள் பேத்தி.

அப்புறம்தான் நாங்கள் மலையைப் பார்த்தோம். கீழே பள்ளத்தாக்கில் ரயில் பாலம் ஒன்று தெரிந்தது. எதிர்ச் சரிவில் காடு நீலமாக ஆரம்பித்து, பச்சையாகி, பின்பு சீவிவிட்ட தலை மாதிரித் தேயிலைத் தோட்டமாக மாறியது. காட்டேரிக்கு அருகில் வண்டியை ஓரமாக நிறுத்தினோம். வண்டிக்காக அல்ல, எங்களுக்காக. பேத்தி துணியைச் சுற்றி மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல் மாதிரி இருக்கு!" என்று கூத்தாடினாள். சூடான எஞ்சினில் ஹோஸ் விறைப்பாக இருப்பதுதான் ஆரோக்கியம். விடியற்காலையில் எஞ்சினை எடுத்த ஓரிரு நிமிஷத்திலேயே விறைத்துக்கொண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குன்னூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். பெரியம்மா மூத்த மகனுக்குப் போன் போட்டாள். "குன்னூர்ல இருக்கேன்" என்றாள். மறுபுறம் ஏதோ நீளமாகப் பேசிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆளைத் திங்கக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடு. நாங்க ஊட்டிக்குப் போய்ட்டு வரோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். குன்னூரோடு திரும்புவதாக இருந்த பிரயாணம் அப்படித்தான் வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி என்று நீண்டது. கேத்திப் பள்ளத்தாக்கில் காரட்டும் முட்டைக்கோஸும் படிக்கட்டு படிக்கட்டாக விளைந்திருந்தன. முள் 90-ஐத் தாண்டவில்லை.

நீங்கள் புறப்படுமுன்

உங்கள் வண்டியும் வயதானதாக இருந்தால், மலைக்குப் புறப்படும் முந்தின நாளே, ஆறிய எஞ்சினில் தண்ணீர் அளவு, பெல்ட், ஹோஸ், மூடி நான்கையும் பாருங்கள். மூடியின் எண்ணையும் ஆழத்தையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். ரப்பர் வாஷர் குக்கர் கேஸ்கெட் மாதிரிதான். இறுகி வெடித்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். வெறும் போர்த் தண்ணீரை ஊற்றாமல், கூலண்டையும் சுத்தமான உப்பில்லாத தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள். ஆனால் ஒன்று: கூலண்ட் பெரும்பாலும் விஷம், தித்திப்பாகவும் இருக்கும். குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏ.ஸி. இருந்தால் அணைத்துவிடுங்கள். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஆவி வந்துவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அரை மணிக்குக் குறையாமல் காத்திருங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால், அடுப்பில் காய்ந்த கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இரும்பும் விரிந்துவிடும். இருநூறு ரூபாய் வியாதி உண்மையாகவே எஞ்சின் இறக்குகிற வியாதியாகிவிடும்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். காத்திருக்க நேர்ந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கில் புளியோதரை இருக்கட்டும். பர்லியாற்றில் நிற்கிறவர்கள் மட்டும் குரங்குகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.